வேகம் வந்துவிட்டது… நம்பகம் எப்போது வரும்?

இரவு ஒன்பதரை மணி. சென்னையில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீடு. மடிப்பாக்கமாக இருக்கலாம், பெரம்பூராகவும் இருக்கலாம். துணிக்கொடி தெரியாதபடி லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் இளம்பெண் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வேலை நேர்காணலில் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் இருப்பவரின் முகம் பாதி மூடிய கண்களோடு அப்படியே நின்றுவிடுகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. “ஹலோ, கேக்குதா?” என்று நான்கு முறை கேட்ட பிறகு திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. ஹாலில் அப்பாவின் கிரிக்கெட் மேட்ச் ஒரு துளிகூடத் தடங்காமல் ஓடுகிறது. பதற்றத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் முள் சரசரவென்று ஏறி 94-ல் நிற்கிறது. வாங்கியிருக்கும் பிளான் 100. கஸ்டமர் கேரில், “உங்க லைன் பக்காவா இருக்கு மேடம், ஸ்பீடு ஃபுல்லா வருதே!” என்கிறார்கள்.

அந்தப் பெண் சொல்வதும் உண்மை, கஸ்டமர் கேர் சொல்வதும் உண்மை. இன்றைய வீட்டு இணையத்தின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. விளம்பரப் பலகையில் அச்சாகும் வேகம், இந்தியாவில் ஃபைபர் எட்டிய வீடுகளைப் பொறுத்தவரை, போதுமான அளவுக்கு வந்துவிட்டது. அந்த வேகத்தில் எவ்வளவு பங்கு, எந்த நேரத்தில், எதுவரை நிச்சயமாகக் கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை. உச்ச வேகத்தைச் சொல்லி விற்பதை விட்டுவிட்டு, குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லி விற்கும்படி விதி மாற வேண்டும். இனிமேல் கேட்க வேண்டியது இதைத்தான்.

9.6-ல் தொடங்கிய பயணம்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது டயல்-அப் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். தனிநபர் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். ஐந்து எம்.பி. அளவுள்ள ஒரு பாட்டை அந்த வேகத்தில் இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; நடுவில் யாராவது போனை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. மோடம்கள் 56 கிலோபிட்டை எட்டின. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அதே தொலைபேசிச் செம்புக்கம்பி வழியாக ‘டேட்டாஒன்’ சேவையைத் தொடங்கியது. தொலைபேசியில் பேசிக்கொண்டே நெட் பார்க்க முடிந்ததே அன்று பெரிய விஷயம்.

செம்புக்கு ஓர் எல்லை உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு சிக்னல் தேய்ந்துபோகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் ஒரே பிளானில் ஒரே வேகம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ஃபைபர் வீட்டு வாசல்வரை வந்ததும் அந்த எல்லை உடைந்தது. 2019 செப்டம்பர் 5-ல் ஜியோஃபைபர் குறைந்தபட்சமே 100 மெகாபிட் என்று களமிறங்கியது. அடுத்த ஆண்டே 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் பிளான் வந்தது; மற்ற நிறுவனங்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. 9.6 கிலோபிட்டிலிருந்து 100 மெகாபிட் என்பது பத்தாயிரம் மடங்கு. ஒரே தலைமுறைக்குள் இப்படி வளர்ந்த வீட்டு வசதி வேறொன்று இல்லை. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச வேண்டிய அவசியம் கிடையாது.

▪ பெட்டிச் செய்தி: எது ‘பிராட்பேண்ட்’?
இந்தியாவில் அரசு வைத்த குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம்:
2004 – 256 கிலோபிட்
2013 – 512 கிலோபிட்
2023 – 2 மெகாபிட்
அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. வைத்த அளவு:
2015 – பதிவிறக்கம் 25, பதிவேற்றம் 3 மெகாபிட்
2024 – பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 20 மெகாபிட்
அமெரிக்க வரையறையில் பதிவேற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய வரையறையில் பதிவிறக்கம் மட்டுமே.

ஒரு கண்ணாடி இழை, 32 வீடுகள்

மின்கம்பத்தில் ஏணி சாய்த்து நிற்கும் ஃபைபர் ஊழியரின் வேலையைக் கீழிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் கையில் இருக்கும் இழையின் குறுக்களவு 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முனையை நேர்த்தியாக வெட்டி, இரு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் வைத்தால், சின்ன மின்பொறியில் இரண்டும் உருகி ஒன்றாகும். மேலே ஒரு ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி மூடுவார்கள். தூசு ஒட்டினாலோ வெட்டு கோணலானாலோ ஒளி கசியும். வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். பந்தலுக்காக இழுத்துக் கட்டிய கயிறு, கிளை வெட்ட வந்த மின்வாரிய அரிவாள், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும் இயந்திரம் என்று இந்த இழைக்கு எதிரிகள் ஏராளம். வெயிலிலும் மழையிலும் இதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் ஓடும் இளைஞர்கள். நம் வீட்டு வேகத்தில் பாதி அவர்கள் கைப்பக்குவம்.

இந்த இழை தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்கும் வருவதில்லை. பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜிகாபிட்டை ஒரு ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 32 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட். அப்படியானால் 100 என்று விற்பது ஏமாற்றா? இல்லை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை. 4கே தரத்தில் படம் பார்க்க 15 மெகாபிட் போதும். 32 வீட்டாரும் ஒரே நேரத்தில் 4கே பார்த்தால்கூட 480 மெகாபிட். இழையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே தெருவுக்குள் நெரிசல் என்பது ஃபைபரில் அரிது. நெரிசல் பெரும்பாலும் அதற்கு மேலே ஏற்படுகிறது. பல தெருக்களின் போக்குவரத்தைத் திரட்டி, நிறுவனத்தின் மைய நிலையத்துக்கும் அங்கிருந்து வெளி உலகத்துக்கும் அனுப்பும் இணைப்பு எவ்வளவு தடிமனாக வாங்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தத் தடிமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே அலைவரிசையை எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்பதற்கு 2009-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த வழிகாட்டுதல், வீட்டு இணைப்புக்கு 1:50, வணிக இணைப்புக்கு 1:30. இந்த விகிதத்தை 100 மெகாபிட் பிளானில் போட்டுப் பார்த்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டைப் பிடிக்கும்போது ஒரு வீட்டுக்கு மிஞ்சுவது 2 மெகாபிட். நடைமுறையில் அவ்வளவு கீழே போவது அபூர்வம். ஆனாலும் 100-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள இந்தப் பெரிய இடைவெளியில் வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார் என்பது பில்லில் இல்லை. விளம்பரத்தில் இருப்பது ‘வரை’ என்ற ஒரே ஒரு சொல்.

முள் எதை அளக்கிறது?

ஆரம்பத்தில் சொன்ன வீட்டில் 94 என்று முள் காட்டியது எப்படி? பழைய ரவுட்டர்களிலும் நான்கு கம்பிகளில் மட்டும் ஜாயின்ட் அடித்த லேன் கேபிளிலும் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அதில் தரவுக்கான மேலுறைச் செலவு போக மிச்சம் ஏறக்குறைய 94. எனவே அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஸ்பீடு டெஸ்ட் தானாகவே மிக அருகில் உள்ள சர்வரைத் தேடிப் பிடிக்கும். பல நேரங்களில் அது அதே இணைய நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டிலிருந்து நிறுவனத்தின் வாசல்வரை சாலை அகலமாக இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். வாசலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்பாவின் மேட்ச் தடங்காததும் இதனால்தான். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய சேவைகள் தங்கள் வீடியோக்களின் நகலை இணைய நிறுவனங்களின் நிலையங்களுக்குள்ளேயே சேமிப்புப் பெட்டிகளில் வைத்திருக்கின்றன. நேரலையும் சில விநாடிகளை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. நேர்காணல் அப்படி அல்ல. அது அந்த நொடியிலேயே கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும்.

அதற்கு வேண்டியது அகலம் அல்ல, தாமதமின்மை. இலை எவ்வளவு பெரிதாக விரித்திருந்தாலும் பரிமாறுகிறவர் வராவிட்டால் பந்தியில் உட்கார்ந்தவருக்குப் பசிதான். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அமெரிக்காவுக்குப் போய்வர அதற்கே நூறு மில்லி விநாடிகளுக்கு மேல் ஆகும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் நெரிசல் நேரத்தில் வழியில் உள்ள கருவிகள் தரவுப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்தி வைப்பதால் கூடும் தாமதம் மனிதர்கள் சரிசெய்யக்கூடியது. வீட்டு ரவுட்டரிலேயே இந்த வரிசை வீங்கிப்போவதை 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அதற்கான தீர்வை வெளியிட்டார்கள். மருந்து கண்டுபிடித்து இவ்வளவு காலமாகியும், மாதாந்தர பிளானோடு இலவசமாகத் தரும் ரவுட்டர் அதைச் செய்கிறதா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

நம் விதிகளும் நீண்ட காலம் ஸ்பீடு டெஸ்ட் நிற்கும் அதே வாசலில்தான் நின்றன. டிராயின் 2006 சேவைத்தர விதிகளில், வாடிக்கையாளர் வாங்கிய வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. ஆனால் அதன் அளவு எல்லை, இணைய நிறுவனத்தின் முனையிலிருந்து வீடுவரை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் தாமதத்தையும் தரவுப் பொட்டல இழப்பையும் அளவுகோல்களில் வைத்திருக்கின்றன. இது சரியான திசை. இருந்தும் அவை நிறுவனம் மொத்தமாகக் கணக்குக் காட்டும் சராசரிகள். சராசரி நன்றாக இருக்கும் நாளிலும், ஒரு குறிப்பிட்ட தெருவில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வீடு தவித்துக்கொண்டிருக்கலாம்.

▪ பெட்டிச் செய்தி: எதற்கு எவ்வளவு தேவை?
முழு ஹெச்.டி. படம் (நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரை): 5 மெகாபிட்
4கே படம்: 15 மெகாபிட்
2 ஜி.பி. கோப்பு இறக்க: 256 கிலோபிட்டில் சுமார் 17 மணி நேரம், 100 மெகாபிட்டில் 3 நிமிடத்துக்குள்
கவனிக்க: பிளானில் சொல்வது மெகாபிட், கோப்பின் அளவு மெகாபைட். 100 மெகாபிட்டை 8 ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட்.

சுமை யார் தலையில்?

நெட் பொழுதுபோக்காக மட்டும் இருந்த காலத்தில் அரை மணி நேரம் வட்டம் சுற்றினால் எரிச்சலோடு போய்விடும். 2020 மார்ச்சில் அது மாறியது. ஊரடங்கு வந்ததும் பாரம் தாங்காது என்று இந்தியாவில் வீடியோ நிறுவனங்கள் மொபைலில் ஹெச்.டி. தரத்தையே நிறுத்திவைத்தன. பிள்ளைகள் மொட்டை மாடியில் சிக்னல் தேடிப் பாடம் படித்தார்கள். வகுப்பு, மருத்துவர் ஆலோசனை, நேர்காணல், வழக்கறிஞரின் காணொலி ஆஜர், ஆன்லைன் தேர்வு என்று ஒரு முறை தவறினால் திரும்பக் கிடைக்காத காரியங்கள் அந்த ஓர் இழையில் ஏறிக்கொண்டன. இவை எதற்கும் 300 மெகாபிட் தேவையில்லை. சில மெகாபிட், இரு திசையிலும், அறுபடாமல் வேண்டும், அவ்வளவுதான். 40-லிருந்து 100-க்கும் 100-லிருந்து 300-க்கும் காசு கூட்டிக் கொடுத்து மாறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ கிடைக்கவில்லை. தேவையில்லாத ஒன்றை விலைக்கு வாங்கி, தேவையானது வரும் என்று காத்திருக்கிறார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது பெருநகரம் அல்ல. சென்னையில் ஒரு தெருவில் நான்கு நிறுவனங்கள் போட்டியிடும். சரியில்லை என்றால் அடுத்ததற்கு மாறலாம். சிற்றூரில் அப்படி இல்லை. மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011-ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தபோது, கிராமத்தில் இருந்துகொண்டே உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுத முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. நிறுவனம் தனக்கென்று நல்ல இணைப்பை ஏற்பாடு செய்துகொள்ளும். அதே ஊரில் வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவர், வீடியோ எடிட் செய்கிறவர், ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர் ஆகியோருக்கு ஊரில் இருக்கும் ஒரே இணைப்பு ஓர் உள்ளூர் கேபிள்காரரின் தயவு. அது விட்டுவிட்டு வந்தால் அவருக்கு முன்னால் இருக்கும் வழி மறுபடியும் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்டுவதுதான்.

மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. 2011 அக்டோபரில் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற அதன் நோக்கம், நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஃபைபரால் இணைப்பது. தமிழ்நாட்டில் மாநில அரசின் ‘டான்ஃபிநெட்’ நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் கொண்டுசெல்லும் பணியை ஏற்றது. ஜிகாபிட் என்பது பெரிய எண். ஆனால் அது ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வந்து நிற்கிறது. அங்கிருந்து வீடுகளுக்கு யார் இழுப்பது, கரண்ட் போனால் பெட்டிக்கு எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும், அறுந்தால் எத்தனை நாளில் யார் வருவார் என்பவையே கிராமத்து வேகத்தைத் தீர்மானிக்கின்றன. நாட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் சந்தாதாரர்கள் 2024-ல்தான் 4 கோடியைத் தொட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே இந்தியக் குடும்பங்கள் 24 கோடிக்கு மேல். இணையம் உள்ள மிச்ச வீடுகள் பெரும்பாலும் மொபைல் டேட்டாவில் ஓடுகின்றன.

இந்த விலைக்கு இவ்வளவுதானா?

இங்கே நியாயமான மறுப்புகள் உண்டு. முதலாவது விலை. மாதம் 400, 500 ரூபாய்க்குப் பல நாடுகளில் இந்த வேகம் கிடைப்பது கடினம். உத்தரவாதம் கேட்டால் விலை ஏறும், ஏழைகள் வெளியே தள்ளப்படுவார்கள் என்கிறார்கள். 100 மெகாபிட்டுக்கு 100-ம் உத்தரவாதம் என்று கேட்டால் இது முழு உண்மை. ஆனால் கால் பங்கு, அதாவது 25 மெகாபிட், நெரிசல் நேரத்திலும் நிச்சயம் என்று கேட்டால்? 32 வீட்டுக்கும் சேர்த்து 800 மெகாபிட். தெருவில் ஏற்கெனவே கிடக்கும் இழை அதைத் தாராளமாகத் தாங்கும். மேலே வாங்க வேண்டிய இணைப்புக்குச் செலவு கூடும் என்பது மெய். ஆனால் அந்தச் செலவைச் செய்கிற நிறுவனத்தையும் செய்யாத நிறுவனத்தையும் இன்று வாடிக்கையாளர் பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் ‘100 வரை’ என்றே விற்கின்றன. நேர்மையாக முதலீடு செய்பவருக்கு இது தண்டனை. குறைந்தபட்சத்தை அச்சிட வைத்தால், 10 மெகாபிட் நிச்சயம் தருபவர் மலிவாகவும், 50 தருபவர் கொஞ்சம் விலை கூட்டியும் விற்கட்டும்; ஏழைக்கும் தெரிந்து வாங்கும் உரிமை கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கும் வைஃபை என்பது. பல வீடுகளில் இது சரிதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. முப்பது ரவுட்டர் உள்ள அடுக்குமாடியில் அவை என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார்க்கலாம். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், இரும்பு பீரோ பக்கத்தில் ரவுட்டரை ஒளித்து வைப்பதும் நம் பழக்கம். அதற்காக அளப்பதையே கைவிட வேண்டியதில்லை. வைஃபையைத் தொடாமல், ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியிலிருந்தே நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு பொதுச் சந்திப்பு மையம்வரை அளக்க முடியும். அப்போது வீட்டின் தவறு எது, நிறுவனத்தின் தவறு எது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். கஸ்டமர் கேரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது நிம்மதி.

மூன்றாவது, 5ஜி வந்துவிட்டதே, இனி கம்பி எதற்கு என்ற கேள்வி. ஃபைபர் எட்டாத ஊருக்கு மொட்டை மாடியில் பெட்டி வைத்துத் தரும் 5ஜி இணைப்பு உண்மையிலேயே வரம். ஆனால் அங்கே பங்கிடப்படுவது காற்றலை; ஒரு டவரின் கீழ் வீடுகள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். குறைந்தபட்ச உத்தரவாதம் ஃபைபரைவிட அங்கேதான் கூடுதலாகத் தேவைப்படும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று ஒதுக்குவோர் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே முன்பு பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே போதும், அந்த வேகத்தை விளம்பரம் செய்யலாம். 2018 மே முதல், இரவு எட்டு முதல் பத்து மணிவரை குறைந்தது பாதிப்பேருக்குக் கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட முடியும். 2019 மார்ச் முதல், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நெறிமுறைப்படி, அதில் இணைந்த நிறுவனங்கள் வாங்கும்போதே குறைந்தபட்ச வேகத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போய் 30 நாளில் சரியாகவில்லை என்றால் அபராதமின்றி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு ஏப்ரல் முதல், அறுந்த இணைப்பு இரண்டு வேலை நாளில் சரியாகவில்லை என்றால் நாளொன்றுக்கு 8 பவுண்டு, வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் வந்து சேரும்படி ஒரு திட்டமும் தொடங்கியது. இதனால் அங்கே எந்தப் பெரிய நிறுவனமும் கடையைச் சாத்திவிடவில்லை.

நமக்கும் இது அந்நியமான யோசனை அல்ல. 2006 விதிகளிலேயே, பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் ஏழு நாள் கட்டணத்தையும், பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாதக் கட்டணத்தையும் கழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் போராடிக் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தால் இப்படிப்பட்ட விதி காகிதத்திலேயே தங்கிவிடும். பெட்டி எப்போது அணைந்தது, எப்போது மறுபடி எரிந்தது என்பது நிறுவனத்தின் கணினியில் விநாடி சுத்தமாகப் பதிவாகிறது. அந்தப் பதிவை அப்படியே பில்லோடு இணைத்தால் கழிவு தானாக விழும், மனுப்போட வேண்டியதில்லை. டிராய் 2021 ஆகஸ்டில் பிராட்பேண்டை 2 முதல் 50 மெகாபிட்வரை ஒரு வகை, 300 வரை ஒரு வகை, அதற்கு மேல் ஒரு வகை என்று பிரிக்கப் பரிந்துரைத்தது. மூன்றுமே பதிவிறக்க வேகத்தை வைத்துப் பிரித்தவை. அந்த அட்டவணையில் இன்னும் மூன்று பத்திகள் சேர வேண்டும்: பதிவேற்ற வேகம், இரவு எட்டு முதல் பத்து மணிவரை நிச்சயமாகக் கிடைக்கும் வேகம், கடந்த மாதம் அந்தப் பகுதியில் இணைப்பு அறுந்திருந்த மொத்த நேரம். பிளான் விற்க வீட்டுக்கு வருகிறவர் நீட்டும் நோட்டீஸிலும் இந்த மூன்று எண்களும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.